லேப்டாப் ஹாட்கீயும் லினக்ஸ் கர்னல் டிரைவரும்: ரங்கூன் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரங்கூனில் நம் கைக்கு வரும் லேப்டாப்புகளில் நிறைய ஜப்பானில் பயன்படுத்தி முடித்து இங்கே வந்தவை. பேனசோனிக் லெட்ஸ் நோட், ஃபுஜிட்சு, டோஷிபா டைனாபுக், சோனி வயோ, இடையில் திங்க்பேட். பழைய மெஷினுக்கு விண்டோஸ் பாரமாக இருக்கிறது என்று லினக்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். போட்ட கையோடு வரும் முதல் சந்தேகம் வெளிச்சம், சத்தம், வைஃபை விசைகளைப் பற்றியதுதான். ரங்கூனில் மட்டுமில்லை, பெகுவிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் போனில் இதையே கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

அண்ணே, ஹாட்கீன்னா என்ன? மேல் வரிசையில இருக்கிற எஃப்1, எஃப்2 தானா?

அந்த விசைகளின் மேல் சின்னதாக சூரியன், ஒலிபெருக்கி, பிறைநிலா, ஆன்டெனா என்று வரைந்திருக்கும். எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தினால் நடக்கும் அந்தக் காரியங்கள்தான் ஹாட்கீ. பழைய திங்க்பேடில் தனியாக இருக்கும் நீல பட்டன், வயோவில் இருக்கும் அசிஸ்ட் பட்டன் போன்றவையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

பட்டனை அமுக்கினா வெளிச்சம் கூடணும், அவ்வளவுதானே? இதுக்கு எதுக்கு கர்னல்ல ஒரு டிரைவர்?

கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. ஒவ்வொரு வன்பொருளோடும் பேச அதற்குள் இருக்கும் சிறு நிரல்தான் டிரைவர். சாதாரண எழுத்து விசைக்கு எல்லா லேப்டாப்பிலும் ஒரே நடைமுறை. விசைப்பலகை எந்த விசை என்று சொல்லும் ஒரு எண்ணை, அதாவது ஸ்கேன்கோடை, அனுப்பும். கர்னலில் உள்ள பொதுவான விசைப்பலகை டிரைவர் அதை லினக்ஸின் பொது எண்ணான கீகோடாக மாற்றும். ஹாட்கீக்கு அப்படி ஒரு பொது நடைமுறை கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது. மொத்தம் நான்கு வழிகள் உண்டு, ஒரே லேப்டாப்பில் இரண்டு மூன்று கலந்தும் இருக்கும்.

முதல் வழி, எழுத்து விசை மாதிரியே ஸ்கேன்கோட் வருவது. இரண்டாவது ஏசிபிஐ, அதாவது மெஷினின் வன்பொருளை இயங்குதளம் கையாள்வதற்கான பொது ஏற்பாடு. இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-ல் வெளியிட்ட தரம் இது. விசையை அழுத்தியதும் மதர்போர்டில் உள்ள எம்பெடெட் கண்ட்ரோலர் என்ற சிறு சில்லு கர்னலைத் தட்டி எழுப்பும். கர்னல் என்ன சங்கதி என்று கேட்கும், அது ஒரு எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்குரிய சிறு நிரல் பயாஸ் (மெஷினோடு வரும் தொடக்க மென்பொருள்) தந்த அட்டவணையில் இருக்கிறது, கர்னல் அதை ஓட்டும். அந்த நிரல் ‘இந்த சாதனத்தில் ஏதோ நடந்தது’ என்று மட்டும் அறிவிக்கும். எந்த விசை என்பது அந்தக் கம்பெனிக்கென எழுதிய டிரைவருக்குத்தான் தெரியும். மூன்றாவது டபிள்யூஎம்ஐ. ஏசிபிஐ மேல் மைக்ரோசாஃப்ட் வகுத்த இந்த வழியை எச்பி, டெல், ஏசுஸ், ஏசர் அதிகம் பயன்படுத்துகின்றன. நான்காவது வழியில் ஃபர்ம்வேரே, அதாவது மெஷினுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளே, காரியத்தை முடித்துவிடும், யாருக்கும் சொல்லாது. பழைய திங்க்பேடில் மூடியின் மேல் விளிம்பிலிருந்து விசைப்பலகை மேல் வெளிச்சம் அடிக்கும் திங்க்லைட் அப்படித்தான். கரண்டு போன ராத்திரியில் அந்த விளக்கு பெரிய உபகாரம், அதற்கு எந்த டிரைவரும் வேண்டாம்.

டிரைவரின் வேலை, இந்த விதவிதமான எண்களை லினக்ஸின் பொதுவான கீகோடாக மாற்றுவது. ஒலியை நிறுத்த 113, ஒலி குறைக்க 114, கூட்ட 115, வெளிச்சம் குறைக்க 224, கூட்ட 225. அந்த எண் வந்த பிறகு சத்தத்தைக் கூட்டுவதும் திரையில் பட்டை காட்டுவதும் க்னோம், கேடிஇ போன்ற மேசைச்சூழலின் பொறுப்பு. இந்தப் பிரிவினை மனதில் இருந்தால் கீழே வரும் பாதி கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

விண்டோஸ்ல நல்லா வேலை செஞ்சுதே? லினக்ஸ்ல மட்டும் ஏன் போச்சு?

விண்டோஸில் அந்தக் கம்பெனியே எழுதிய ஹாட்கீ மென்பொருள் இருந்தது. லெட்ஸ் நோட்டில் விண்டோஸைப் புதிதாக, கம்பெனி மென்பொருள் இல்லாமல் போட்டுப் பாருங்கள், அங்கேயும் சில விசைகள் பேசாது. லினக்ஸில் அந்த வேலையைக் கர்னல் டிரைவர்கள் செய்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பயனர்கள், தங்கள் கையில் இருந்த மெஷினைக் கிண்டிப் பார்த்து எழுதினார்கள். அதனால்தான் ஒரு மாடல் முழுசாக வேலை செய்யும், அதே கம்பெனியின் அடுத்த மாடலில் இரண்டு விசை மட்டும் நிற்கும்.

என் மெஷினுக்கு எந்த டிரைவர்?

லெட்ஸ் நோட்டுக்கு பேனசோனிக்-லேப்டாப், 2008-ல் கர்னலுக்குள் வந்தது. ஃபுஜிட்சுவுக்கு ஃபுஜிட்சு-லேப்டாப், டைனாபுக்குக்கு டோஷிபா-ஏசிபிஐ, வயோவுக்கு சோனி-லேப்டாப். திங்க்பேடுக்கு திங்க்பேட்-ஏசிபிஐ. இது முன்பு ஐபிஎம்-ஏசிபிஐ என்ற பெயரில் இருந்து, 2007-ல் 2.6.22 கர்னலில் பெயர் மாறியது. லெனோவோ ஐடியாபேடுக்கு தனியாக ஐடியாபேட்-லேப்டாப் இருக்கிறது, திங்க்பேட் டிரைவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இவை எல்லாம் உபுண்டு, டெபியன், ஃபெடோரா கர்னல்களோடு கூடவே வருகின்றன. எதையும் நெட்டில் தேடி இறக்க வேண்டியதில்லை. ‘ஹாட்கீ டிரைவர்’ என்று யாராவது பென்டிரைவில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

டிரைவர் ஏறியிருக்கான்னு எப்படித் தெரியும்?

டெர்மினலில் எல்எஸ்மாட் கட்டளை கொடுத்தால் ஏறியிருக்கும் மாட்யூல்கள் (கர்னலில் தனியாக ஏற்றக்கூடிய டிரைவர் போன்ற துண்டுகள்) வரும், மேலே சொன்ன பெயர் அதில் இருக்கிறதா பாருங்கள். வழக்கமாகத் தானாக ஏறும். ஏசிபிஐ அட்டவணையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு அடையாளக் குறி உண்டு. லெட்ஸ் நோட்டில் அது எம்ஏடி0019 மாதிரி இருக்கும், ஃபுஜிட்சுவில் எஃப்யூஜே02ஈ3. டிரைவர் தனக்குத் தெரிந்த குறிகளின் பட்டியலை வைத்திருக்கிறது, இரண்டும் பொருந்தினால் கர்னல் அதை ஏற்றிவிடும். பொருந்தாவிட்டால் மாட்ப்ரோப் கட்டளை மூலம் வலுக்கட்டாயமாக ஏற்றினாலும் அது சும்மா உட்கார்ந்திருக்கும், பிடித்துக்கொள்ள சாதனம் கிடைக்காது.

சயா, வாங்குறதுக்கு முன்னாடியே கடையில பாத்துத் தெரிஞ்சுக்க முடியுமா?

தாராளமாக. உபுண்டுவை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். நிறுவாமல் ‘முயன்று பார்’ என்று ஓட்டி, எஃப்என் சேர்த்து ஒவ்வொரு விசையாக அழுத்திப் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். வெளிச்சம் விசையை முதலில் பார்க்கச் சொல்வேன். கரண்டு எப்போது போகும் என்று தெரியாத நம் ஊரில் திரையின் வெளிச்சத்தைக் குறைக்க முடிந்தால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். புதிய கர்னல் உள்ள பதிப்பாக எடுத்துப் போவது முக்கியம், ஏன் என்பது கீழே இரட்டை அழுத்தல் பற்றிய பதிலில் தெரியும்.

ஒரு பட்டன் அமுக்கினா ஒண்ணுமே நடக்கல. எங்கேருந்து தேட ஆரம்பிக்கிறது?

விசை எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிப்பதிலிருந்து. இதைச் செய்யாமல் இணையத்தில் கிடைத்த கட்டளைகளை எல்லாம் ஒட்டிப் பார்ப்பவர்கள் கடைசியில் நல்ல விசையையும் கெடுத்துக்கொள்கிறார்கள். முதலில் மெஷினை மறுபடி தொடங்கி பயாஸ் திரைக்குள் போங்கள். அங்கே அந்த விசை வேலை செய்தால் ஃபர்ம்வேர் அதைத் தானே கவனிக்கத் தெரிந்து வைத்திருக்கிறது என்று பொருள். அங்கேயே எஃப்என் விசை, ஹாட்கீ என்ற பெயரில் ஏதாவது அமைப்பு அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் லினக்ஸுக்குள் வந்து ஈவிடெஸ்ட் என்ற கருவியை நிர்வாகி உரிமையோடு ஓட்டுங்கள். அது உள்ளீட்டு சாதனங்களின் பட்டியலைக் காட்டும். சாதாரண விசைப்பலகை ஒன்று, ‘வீடியோ பஸ்’ ஒன்று, அதோடு ‘திங்க்பேட் எக்ஸ்ட்ரா பட்டன்ஸ்’, ‘சோனி வயோ கீஸ்’ மாதிரி டிரைவர் உருவாக்கிய ஒன்று இருக்கும். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து விசையை அழுத்துங்கள். சரியான கீகோட் வந்தும் திரையில் எதுவும் நடக்கவில்லை என்றால் கர்னல் தன் வேலையைச் செய்துவிட்டது, மேசைச்சூழலின் குறுக்குவழி அமைப்பைப் பாருங்கள். தவறான எண் வந்தால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

ஈவிடெஸ்டில் ஒன்றுமே வராவிட்டால் ஏசிபிஐ லிசன் கருவியை ஓட்டி அழுத்துங்கள். அங்கே ஒரு வரி வந்தால் ஃபர்ம்வேர் சொல்லிவிட்டது, கேட்டுப் புரிந்துகொள்ள டிரைவர் இல்லை, அல்லது இருக்கும் டிரைவருக்கு அந்த எண் தெரியவில்லை. இரண்டு கருவிகளையும் நெட் நன்றாக இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும் நேரத்தில் நெட் இருக்கும் என்று நம்ப முடியாது.

கர்னல் செய்தியில ‘தெரியாத விசை அழுத்தப்பட்டது’ன்னு வருது. பயப்படணுமா?

இல்லை, சந்தோஷப்படுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் சுலபமான நிலை. விசை முதல் வழியில், ஸ்கேன்கோடாக வருகிறது, அதற்குப் பெயர் மட்டும் வைக்கவில்லை. செட்கீகோட்ஸ் கட்டளை கொடுக்கும்படி கர்னலே அந்தச் செய்தியில் சொல்லும். அது மெஷினை அணைக்கும் வரைதான் நிற்கும்.

நிரந்தரமாக வேண்டுமானால் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரலின் வன்பொருள் தரவுத்தளத்தில், அதாவது எச்டபிள்யூடிபியில், உங்கள் மாடலின் பெயர், ஸ்கேன்கோட், அதற்குரிய கீகோட் பெயர் மூன்றையும் ஒரு சிறு கோப்பாக எழுதி வையுங்கள். தரவுத்தளத்தைப் புதுப்பித்து மெஷினை மறுபடி தொடங்கினால் போதும். கர்னலைத் தொட வேண்டியதே இல்லை.

வெளிச்சம் பட்டனை அமுக்கினா ஸ்கிரீன்ல பட்டை ஏறி இறங்குது, வெளிச்சம் மட்டும் அப்படியே இருக்கே?

இங்கே ஹாட்கீ டிரைவர் மேல் குற்றமில்லை. விசை கர்னலுக்கு வந்து, கீகோடாகி, மேசைச்சூழலையும் எட்டிவிட்டது. பின்விளக்கை யார் கட்டுப்படுத்துவது என்பதில்தான் சிக்கல். ஏசிபிஐ, லேப்டாப் கம்பெனியின் டிரைவர், கிராஃபிக்ஸ் டிரைவர் என்று மூன்று பேர் அதற்கு உரிமை கோருவார்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து அந்த உரிமை கிராஃபிக்ஸ் டிரைவருக்குப் போனது. அதற்குப் பிந்தைய மெஷின்களில் பழைய ஏசிபிஐ வழி பெயருக்கு இருக்கும், சோதிக்காமல் விட்டிருப்பார்கள்.

கர்னல் தொடங்கும்போது ஏசிபிஐ-பேக்லைட் என்ற அளவுருவுக்கு நேட்டிவ், வெண்டர், வீடியோ மூன்றில் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். 2012-க்குப் பிந்தைய மெஷினில் நேட்டிவை முதலில் பாருங்கள், ரொம்பப் பழையதில் வெண்டரை. ஒன்று பலித்தால் அதை, கர்னலைத் தொடங்கிவைக்கும் க்ரப் நிரலின் அமைப்பில் நிரந்தரமாக்குங்கள்.

ஒரு தடவை அமுக்கினா ரெண்டு படி ஏறுது. பட்டன் பழுதா?

பட்டனை மாற்றிவிடாதீர்கள். ஒரே அழுத்தல் இரண்டு வழியாக வந்து சேர்கிறது. லெட்ஸ் நோட் சில மாடல்களில் சத்தம் கூட்டும், குறைக்கும், நிறுத்தும் விசைகள் பேனசோனிக் ஏசிபிஐ வழியாகவும் வரும், சாதாரண விசைப்பலகை வழியாகவும் வரும். சத்தத்தை நிறுத்தும் விசையில் இது விநோதமாகத் தெரியும். நிறுத்திய அதே நொடியில் திரும்ப வந்துவிடும், பார்ப்பவர்களுக்கு விசை செத்துவிட்டது என்றே தோன்றும். 2022-ல் இதற்கு ஒரு திருத்தம் வந்தது. விசைப்பலகை வழியாக வரும் நகலை டிரைவரே வடிகட்டிவிடுகிறது. ஆகவே லெட்ஸ் நோட்காரர்கள் முதலில் கர்னலைப் புதுப்பியுங்கள்.

வேறு மெஷினில் இது நடந்தால் ஈவிடெஸ்டில் இரண்டு சாதனத்திலும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் விசைப்பலகைப் பக்கத்து ஸ்கேன்கோடை மேலே சொன்ன எச்டபிள்யூடிபி கோப்பில் ‘அன்நோன்’ என்று குறித்து மௌனமாக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. பழைய திங்க்பேடில் ஃபர்ம்வேர் தானே வெளிச்சத்தை மாற்றிவிடும். எந்தெந்த விசையை லினக்ஸுக்குச் சொல்வது என்று குறிக்கும் ஹாட்கீ மாஸ்க் என்ற அமைப்பில் எல்லா விசையையும் திறந்துவிட்டால் அதே விசை மேசைச்சூழலுக்கும் போய் இன்னொரு படி ஏறும். டிரைவர் தானாக வைக்கும் மாஸ்க்கை மாற்றாமல் இருப்பதே நல்லது.

மைக் நிறுத்துற பட்டன் ஈவிடெஸ்ட்ல வருது, சரியான எண்ணும் காட்டுது. ஆனா டெஸ்க்டாப்புக்கு வரவே இல்லையே?

நீங்கள் எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் இருக்கிறீர்கள். அதன் நெறிமுறையில் கீகோடுக்கு 255 வரைதான் இடம். கர்னலின் எண்ணோடு 8-ஐக் கூட்டி அனுப்புவதால் கர்னலில் 247 வரை உள்ளவைதான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். மைக் நிறுத்தும் விசையின் எண் 248. ஒரே ஒரு எண்ணில் வெளியே நிற்கிறது! டச்பேட் அணைக்கும் விசைக்கு 530, அதுவும் போகாது.

எக்ஸ்11-க்கு அடுத்து வந்த வேலண்டில் இந்த வரம்பு இல்லை, அதற்கு மாறிக்கொள்வது நேரான வழி. எக்ஸ்11-லேயே இருக்க வேண்டுமென்றால் எச்டபிள்யூடிபியில் மைக் விசையை எஃப்20 என்றும் டச்பேட் விசையை எஃப்21 என்றும் மாற்றி எழுதுங்கள். எக்ஸின் விசை அட்டவணை அந்த இரண்டையும் மைக், டச்பேட் என்றே புரிந்துகொள்ளும்.

வைஃபை பட்டனை அமுக்கி அணைச்சேன், இப்ப திரும்ப வர மாட்டேங்குது.

ஆர்எஃப்கில் கட்டளை கொடுத்துப் பாருங்கள். ‘சாஃப்ட் பிளாக்’ என்றால் மென்பொருள் பூட்டு, அதே கட்டளையால் திறந்துவிடலாம். ‘ஹார்ட் பிளாக்’ என்றால் மென்பொருளால் ஒன்றும் செய்ய முடியாது. திங்க்பேட் எக்ஸ்220 போன்ற மெஷின்களின் விளிம்பில் ஒரு சின்ன தள்ளுவிசை இருக்கும், லெட்ஸ் நோட் பலவற்றிலும் உண்டு. பையில் வைக்கும்போது அது நகர்ந்திருக்கும். முதலில் அதைத் தள்ளிப் பாருங்கள்.

ஜப்பான் எழுத்து போட்ட பட்டன்கள் சும்மாவே கிடக்குதே, தமிழ் மாத்திக்க வெச்சுக்கலாமா?

அருமையான பயன். இடைவெளி விசைக்கு இடப்பக்கம் முஹென்கான், வலப்பக்கம் ஹென்கான். இவை ஹாட்கீ அல்ல, சாதாரண விசைகள். கர்னலுக்கு 94, 92 என்று நன்றாகத் தெரியும், டிரைவர் எதுவும் வேண்டாம். எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற தட்டச்சு மென்பொருளின் அமைப்பில் உள்ளீட்டு முறை மாற்றும் விசையாக அவற்றைக் கொடுத்துவிடுங்கள். இடது விசையில் தமிழ்99, வலது விசையில் பர்மிய யூனிகோட் என்று வைத்துக்கொண்டால் மூன்று மொழியில் தட்டுகிறவர்களுக்குக் கை ஓயாது. தமிழ் வகுப்புக்குப் பாடம் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு நான் முதலில் செய்துகொடுப்பது இதைத்தான்.

மேல் இடது மூலையில் உள்ள ஜப்பானிய விசையை மட்டும் விட்டுவிடுங்கள். அது ஆங்கில விசைப்பலகையில் 1-க்கு இடப்புறம் இருக்கும் விசையின் எண்ணையே அனுப்புகிறது.

எஃப்என் பட்டனையே வேற வேலைக்கு மாத்த முடியுமா?

பெரும்பாலான மெஷினில் முடியாது. எஃப்என் அழுத்தியதை எம்பெடெட் கண்ட்ரோலர் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது, கர்னலுக்கு வருவது கூட்டு அழுத்தலின் முடிவு மட்டும். எஃப்என்னும் இடது கண்ட்ரோலும் இடம் மாறி இருப்பதுதான் தொந்தரவு என்றால் திங்க்பேடின் பயாஸிலும் லெட்ஸ் நோட்டின் பயாஸிலும் இரண்டையும் மாற்றிக்கொள்ளும் அமைப்பு உண்டு. எஃப்என்னை அழுத்திப் பிடித்த நிலையிலேயே வைக்கும் எஃப்என் பூட்டு வேண்டுமென்றால், ஐடியாபேட் டிரைவர் அதை அணைக்கவும் போடவும் ஒரு கோப்பைத் தருகிறது.

எல்லாம் பாத்தாச்சு, ஏசிபிஐ லிசன்ல மட்டும்தான் வருது. டிரைவரை நாமே எழுத முடியுமா?

சி மொழி தெரிந்தால் முடியும், கணினி படிக்கிற நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முதல் கர்னல் வேலை எனக்குத் தெரியவில்லை. முதலில் ஏசிபிஐ டம்ப் (ஏசிபிஐ அட்டவணைகளின் நகல்) எடுத்து, ஐஏஎஸ்எல் கருவியால் அதில் உள்ள முக்கிய அட்டவணையான டிஎஸ்டிடியைப் படிக்கும் வடிவத்துக்கு மாற்றுங்கள். ஏசிபிஐ லிசனில் வந்த சாதனத்தின் பெயரை அதில் தேடுங்கள். ஏற்கெனவே உள்ள டிரைவர் ஒன்றுக்குத் தெரிந்த குறியா, புதிய குறியா என்று அங்கேயே தெரிந்துவிடும். பழைய டிரைவரில் ஒரு வரி கூட்டுவதோடு வேலை முடிவதும் உண்டு.

புதிதாக எழுத வேண்டி வந்தால் பேனசோனிக் டிரைவரைப் படியுங்கள். அழகான உதாரணம் அது. ஃபர்ம்வேர், பதினறும எண்ணில் 80 என்ற அறிவிப்பை மட்டும் அனுப்புகிறது. உடனே டிரைவர் எச்ஐஎன்எஃப் என்ற முறையைக் கூப்பிட்டு எந்த விசை என்று கேட்கிறது. வரும் விடையில் ஒரு பிட் அழுத்தியதா விட்டதா என்று சொல்லும், மீதி விசையின் எண்: 1 வெளிச்சம் குறைக்க, 2 கூட்ட, 4 ஒலி நிறுத்த, 7 தூங்க, 9 பேட்டரி. பெரும்பாலும் எஃப் வரிசை எண்ணேதான். இந்த எண்களைக் கீகோடோடு இணைக்கும் பட்டியலை கர்னலின் ஸ்பார்ஸ் கீமேப் வசதியிடம் கொடுத்துவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். உங்கள் டிரைவரில் எழுத வேண்டியது குறிப்பட்டியல், தொடக்கம், முடிவு, அறிவிப்பைக் கையாளும் ஒரு செயல்கூறு, அவ்வளவுதான்.

எழுதி முடிச்சேன், மாட்யூலை ஏத்தினா கர்னல் மறுக்குது.

பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு போட்டிருக்கிறது. கையெழுத்தில்லாத மாட்யூலை அது ஏற்காது. சொந்தமாக ஒரு சாவி உருவாக்கி, எம்ஓகேயுடில் மூலம் பதிவுசெய்து, மாட்யூலில் கையெழுத்திடுங்கள். உபுண்டுவில் டிகேஎம்எஸ் வழியாக நிறுவினால் பெரும்பாலும் இது தானாக நடக்கும், கர்னல் புதுப்பிக்கும்போது மாட்யூலும் மறுபடி கட்டப்படும்.

எனக்கு வேலை செஞ்சா போதாதா? எதுக்கு மேல அனுப்பணும்?

உங்களிடம் இருக்கும் அதே மாடல் மோல்மேனிலும் தன்லினிலும் வேறு வீடுகளில் இருக்கிறது. எச்டபிள்யூடிபி வரி என்றால் யூடெவைக் கவனிக்கும் சிஸ்டம்டி திட்டத்துக்கும், டிரைவர் மாற்றம் என்றால் கர்னலின் மெயின்டெய்னர்ஸ் கோப்பில் அந்த டிரைவருக்கு எதிரே பெயர் உள்ளவர்களுக்கும் அனுப்புங்கள். ஏற்றுக்கொண்டால் அடுத்த பதிப்பு போடுகிறவர்களுக்கு அந்த விசை முதல் நாளிலேயே வேலை செய்யும். எங்கிருந்து அனுப்புகிறோம் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. மெஷினின் முழுப் பெயர், பயாஸ் பதிப்பு, கர்னல் பதிப்பு, ஒவ்வொரு விசைக்கும் ஈவிடெஸ்டிலும் ஏசிபிஐ லிசனிலும் வந்தது, இவ்வளவும் எழுதினால் அவர்களே மீதியைக் கேட்பார்கள்.

ஏசிபிஐ டம்ப் கேட்டால் முழுசாக அப்படியே பொதுவில் போட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையதோடு விற்ற மெஷினில் எம்எஸ்டிஎம் என்ற அட்டவணை இருக்கும், விண்டோஸின் உரிமச் சாவி அதற்குள்தான் இருக்கிறது. அதை நீக்கிவிட்டு, மெஷினின் சீரியல் எண்ணையும் அழித்துவிட்டு அனுப்புங்கள்.